பீச் மரம் பிடிக்காத மூலை

வார்பி கோர்ட் மாளிகையின் மதில் தோட்டம் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று தபால் நிலையக் கண்ணாடியில் மஞ்சள் சுவரொட்டி ஒட்டிய நாளிலிருந்து கிளெனிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் மற்றவர்களுக்கு அது நல்ல சேதி. பெரிய வீட்டைப் பழைய குடும்பம் விற்றுவிட்டுப் போய், லண்டன்காரர்கள் வாங்கி, கூரையைப் பிரித்து, கதவுக்கெல்லாம் சாம்பல் நிறம் அடித்து, ஒரு வருஷம் வாசலை இழுத்துச் சாத்திவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஊருக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. நீச்சல் குளம் வெட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு. கார் நிறுத்த இடம் பண்ணுகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. மண் தோண்டும் இயந்திரம் ஒன்று உள்ளே போனதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அது வெளியே வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கிளெனிஸுக்கு அவர்கள் நீச்சல் குளம் வெட்டினாலும் சரி, நடுக்கடலையே கொண்டுவந்து வைத்தாலும் சரி. அவள் கவலையெல்லாம் தெற்கு பார்த்த மதிலின் கோடி மூலையைப் பற்றித்தான். அங்கே, விசிறி மாதிரிக் கிளைகளை விரித்து மதிலோடு சேர்த்துக் கட்டிய பீச் பழ மரத்தின் அடியில், அவள் புருஷன் நெவில் இருந்தான். சாம்பலாக. கொட்டியது அவள்தான். இது அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்த கணக்கு வேறு. நெவிலின் சாம்பல் தேவாலயத்துப் பின்பக்கம், அவன் அப்பா எர்னஸ்ட்டுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில், குடும்பக் கல்லறையில் மரப்பேழையில் புதைந்திருக்கிறது. பாதிரியார் ஜெபம் சொன்னார். மழை பெய்தது. நெவிலின் அக்கா டோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டே குடை பிடித்தாள். பிள்ளைகள் எங்களோடுதான் படுக்க வேண்டும் என்று சாகும்போது அம்மா கேட்டுக்கொண்டாளாம். அதை டோரீன் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பனும் மகனும் வாழ்ந்தபோது ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்ன? எர்னஸ்ட் கசாப்புக்கடைக்காரர். மகன் கடையை எடுத்து நடத்தாமல் தபால்காரனாகப் போனதை அவர் மன்னிக்கவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நெவில் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்திலேயே யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

"எங்க வேணும்னாலும் போடு, அவர் பக்கத்துல மட்டும் போட்டுடாதே," என்று ஆஸ்பத்திரியில் நெவில் சொன்னான்.

சாவு வீட்டில் டோரீனோடு மல்லுக்கு நிற்கத் தெம்பில்லாமல் கிளெனிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, புதைக்கிறதற்கு முதல்நாள் பேழையைத் திறந்து நெவிலை எடுத்துவிட்டு, கணப்பு அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு மூடினாள். அதே கோடையில் தோட்டம் திறந்த நாளன்று கேக் டப்பாவில் வைத்து அவனை உள்ளே கொண்டுபோனாள். தோட்டம் திறக்கிற நாளில் இந்த ஊரில் கேக் டப்பா இல்லாமல் நடப்பவள்தான் சந்தேகத்துக்குரியவள். தேநீர்ப் பந்தலில் நின்ற பெண்மணி, "எலுமிச்சை கேக்கா? குடு குடு, தீர்ந்துபோச்சு!" என்று அந்த டப்பாவைப் பிடுங்கவே பார்த்தாள். ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, பதற்றத்தில், பரவலாகத் தூவக்கூட நேரமில்லாமல், மரத்தடியில் ஒரே குவியலாகக் கொட்டி வைக்கோலை இழுத்து மூடினாள். அந்த மூலை நெவிலுக்குப் பிடித்த மூலை. வருஷா வருஷம் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, வெயிலில் சூடேறிய செங்கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டாவது கேக்கையும் தின்பான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளெனிஸ் நினைத்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து டோரீன் வந்து வாசலில் நின்றாள். வைக்கோல் தொப்பி, மழைக்கோட்டு, மடக்கு நாற்காலி, எல்லாம் தயார்.

"என்னடி இன்னும் வீட்டுச் செருப்போட நிக்கறே? சீக்கிரம் கிளம்பு. நல்ல கேக்கெல்லாம் காலியாயிடும்."

"உனக்கு முட்டி வலின்னு சொன்னியே, டோரீன்."

"முட்டி வலிக்கு வீட்டுல உக்காந்தா என்ன, அங்க உக்காந்தா என்ன? லண்டன்காரி தோட்டத்தை என்ன கதி பண்ணி வெச்சிருக்கான்னு நான் பாக்க வேண்டாமா?"

டோரீனுக்கு உலகத்தில் உள்ள எல்லாத் தோட்டத்தைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. தன் தோட்டத்தைப் பற்றி மட்டும் கிடையாது. அதில் பாதி சிமெண்ட்.

வாசலில் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்ததும் கிளெனிஸின் கால்கள் தாமாகவே கோடி மூலைக்கு இழுத்தன. டோரீன் விடுவதாக இல்லை. ரோஜாப் பாத்தி முன்னால் நின்று, "நெருக்கி நட்டிருக்கா," என்றாள். பீன்ஸ் பந்தலைப் பார்த்து, "கம்பு ஒல்லி," என்றாள். கண்ணாடி வீட்டுக்குள் தலையை நீட்டி, "தக்காளிக்குத் தண்ணி காணாது," என்றாள். நீச்சல் குளம் எங்கேயும் இல்லை. கார் நிறுத்த இடமும் இல்லை. பாதைகள் ஒழுங்காக இருந்தன, ஓரத்து வேலிச் செடிகளைக் கத்தரித்திருந்தார்கள், ஆப்பிள் மரங்கள் அதனதன் இடத்தில் நின்றன. இதையெல்லாம் பார்க்கப் பார்க்க கிளெனிஸுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. குளமும் இல்லை ஒன்றும் இல்லை, ஊரார் வாய்க்கு வேலை வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

லாவெண்டர் வரிசையைத் தாண்டித் திரும்பினால் கோடி மூலை.

பெஞ்சு இருந்தது. பீச் மரம் இல்லை. மரத்தைக் கட்டிவைத்திருந்த கம்பிகள் மட்டும் மதிலில் வெறுமனே ஓடின. கீழே மொட்டை மண். அதைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. மதிலோரமாகத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, சின்னதாக, மஞ்சளாக, அந்த மண் தோண்டும் இயந்திரம் நின்றது.

கிளெனிஸ் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இடத்தைப் பாக்காதீங்க, ப்ளீஸ், எனக்கே வெக்கமா இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டுக்காரி டாம்சின். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், சட்டையில் பெயர் அட்டை, வந்தவர்களுக்கெல்லாம் தோட்டத்தைப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "நாங்க வாங்கும்போதே இங்க இருந்த பீச் செத்துப்போயிருந்துச்சுங்க. புதுசா ஒண்ணு வெச்சேன். இலையெல்லாம் மஞ்சளாகி அதுவும் போச்சு. இன்னொண்ணு வெச்சேன். அதுவும் போச்சு. தோட்டத்துலயே நல்ல வெயில் மூலை இதுதான், இங்கதான் ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது."

"மண்ணுல கோளாறு," என்று டோரீன் தீர்ப்புச் சொன்னாள்.

"அதேதாங்க! பரிசோதனைக்கு அனுப்பினோம். உப்பும் சுண்ணாம்பும் ஏகத்துக்கு இருக்காம். யாரோ எதையோ கொட்டியிருக்காங்கன்னு சொல்றாங்க."

"பழைய தோட்டக்காரன் வேலை. பெரும் குடிகாரன். சிமெண்டைக் கொட்டியிருப்பான்."

கிளெனிஸ் குச்சிகளுக்கு நடுவே கிடந்த மொட்டை மண்ணைப் பார்த்தாள். நெவில் இரண்டு கேக் தின்பவன்தான், ஆனாலும் மூன்று மரத்தைக் கொன்றிருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"அதான் மொத்த மண்ணையும் எடுத்துடப் போறோம்," என்றாள் டாம்சின். "நாளைக்குக் காலைல ஆள் வராரு. இடுப்பளவு ஆழத்துக்கு வழிச்சு எடுத்துட்டு, வேற நல்ல மண் போட்டுடுவோம்."

"எடுத்த மண்ணை?" என்றாள் கிளெனிஸ்.

"புறவழிச்சாலை போடறாங்கல்ல, அங்க பள்ளம் ரொப்பக் கேட்டிருக்காங்க. லாரி அனுப்பறாங்களாம்."

புறவழிச்சாலை. அதை எதிர்த்து ஊர்க்கூட்டத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியவன் நெவில். அவன் தலைக்கு மேலே இனிமேல் ராப்பகலாக லாரி ஓடப்போகிறது.

"எடுக்காதீங்க," என்றாள் கிளெனிஸ்.

"என்னங்க?"

"அது... அந்த மண்ணு ரொம்பப் பழசு. எத்தனையோ தலைமுறையா எரு போட்டு எரு போட்டு உண்டாக்கின மண்ணு. அதைப் போய் ரோட்டுல கொட்டறதாவது. மேலாக்க கிளறி விட்டாப் போதும்."

"என்னடி உளர்றே?" என்று டோரீன் குறுக்கே விழுந்தாள். "கெட்டுப்போன மண்ணை வெச்சுக் கும்பிடவா முடியும்? நீ எடும்மா. இடுப்பளவு பத்தாது, ஆளளவு தோண்டு. ஒரு பிடி விடாதே."

"மழை பெஞ்சா உப்பெல்லாம் தானா இறங்கிடும், டோரீன்!"

"மழையா? இங்க பெய்யாத மழையா? பெஞ்சும் மூணு மரம் செத்திருக்கே! உனக்கு முள்ளங்கியே முளைக்காது, நீ வந்து அடுத்தவளுக்குப் பாடம் எடுக்கறே."

டாம்சின் தர்மசங்கடமாகச் சிரித்தாள். இரண்டு கிழவிகளில் யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல், குனிந்து, அந்த மொட்டைப் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி விரல்களால் உதிர்த்துக் காட்டினாள். "பாருங்களேன், வெள்ளை வெள்ளையா பொடி. எவ்வளவு கிளறினாலும் இது போகலைங்க. எடுத்துத்தான் ஆகணும்."

கிளெனிஸ் அந்தக் கையையே பார்த்தாள். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு நெவில் இல்லை. திறந்தால், இனி இந்த ஜென்மத்தில் டோரீன் அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். ஞாயிறு தவறாமல் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வரும் அக்காவிடம், நீ பூ வைப்பது அடுப்புச் சாம்பலுக்கு என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கென்று இந்த ஊரில் மிச்சமிருக்கும் சொந்தமும் டோரீன் ஒருத்திதான்.

"கொட்டினது நான்தான்," என்றாள்.

"என்னத்தைக் கொட்டினே?" என்றாள் டோரீன்.

"நெவிலை."

லாவெண்டரில் தேனீக்கள் இரைந்தன. தூரத்தில் யாரோ தேநீருக்கு வரிசையில் நின்று சிரித்தார்கள். டாம்சின் கையில் அள்ளிய மண்ணோடு அப்படியே நின்றாள். அதைக் கீழே போடுவதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மண்டியிட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தாள். கையைச் சட்டையில் துடைக்கப் போனவள், துடைக்கலாமா கூடாதா என்ற யோசனையில் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றாள் கிளெனிஸ் அவளிடம். "கேக் டப்பாவுல கொண்டுவந்தேன். பீச்சுக்கு ஆகாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. செடிக்குச் சாம்பல் நல்லதுன்னுதான் நினைச்சேன்."

"செடிக்கு நல்லது மரச் சாம்பல்தாங்க," என்று டாம்சின் ஈனசுரத்தில் சொன்னாள்.

டோரீன் மடக்கு நாற்காலியைத் தரையில் ஊன்றினாள். "அப்ப அங்க யாரு?"

"எங்க?"

"கல்லறையில, கிளெனிஸ்! மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னு புதைச்சோமே, அந்தப் பெட்டிக்குள்ள யாரு?"

"கணப்புச் சாம்பல். ஆப்பிள் கட்டைதான் பெரும்பாலும். கொஞ்சம் பழைய செய்தித்தாள்."

டாம்சின் திடீரென்று ரோஜாப் பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. டோரீன் சிரிக்கவில்லை. மடக்கு நாற்காலியை விரிக்க மறந்து, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. கிளெனிஸ் அடிக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். பாட்டு விழட்டும், ஊரைக் கூட்டட்டும், பாதிரியாரிடம் போய்ச் சொல்லட்டும். நெவில் ரோட்டுக்கு அடியில் போவதற்கு அது எவ்வளவோ தேவலை.

"அவனே கேட்டானா?" என்றாள் டோரீன்.

"இங்கன்னு கேக்கலை. அப்பா பக்கத்துல வேண்டாம்னு சொன்னான். ஆஸ்பத்திரியில."

டோரீன் மழைக்கோட்டுப் பித்தானைத் திருகினாள். "என்கிட்டயும் சொன்னான்," என்றாள்.

"எப்போ?"

"நீ காப்பி வாங்கப் போயிருந்தே. கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா, அவர்கிட்ட என்னை அனுப்பாதேன்னான். நான் காதுல விழாத மாதிரி தலகாணியைச் சரி பண்ணிட்டு இருந்தேன். அம்மாவுக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அம்மாதான் செத்துட்டாளே, அவளை ஏமாத்தியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரலை." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என் கையாலயே அவனை அந்த மனுஷன் பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சேன்னு நினைக்காத நாள் இல்லைடி. வாராவாரம் பூவை எடுத்துக்கிட்டுப் போறேனே, பூ வைக்கவா போனேன்? அங்க நின்னு, தப்பு பண்ணிட்டேன்டா, மன்னிச்சுக்கோடான்னு புலம்பிட்டு வருவேன்."

கிளெனிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி இதே நெவிலுக்காகத் தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறாள். தெரிந்திருந்தால் ஒரு வாய் டீயோடு முடிந்திருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது. சொல்லிவிட்டோம் என்று நினைத்தபோது அதே நெஞ்சு லேசானது. இரண்டும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்தது. டோரீன் தன் கைக்குட்டையை நீட்டினாள். அது நனைந்திருந்தது.

"நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன், தெரியுமில்ல?" என்றாள் டோரீன். "கேக் டப்பாவா? என் தம்பியை கேக் டப்பாவுலயா?"

"பெரிய டப்பாதான்."

"பெருசா இருந்தா சரியாப்போச்சா?"

டாம்சின் ஒருவழியாக முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். குச்சிகளில் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து உருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வர ஆளை வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றாள். "மண்ணு இருக்கட்டும். ஆனா எனக்கு இங்க ஏதாவது வளரணும். அவரோட ஒத்துப்போற மாதிரி ஏதாவது."

"கடற்கரையில முளைக்கற செடி இருக்கு பாரு, அதை வெச்சுப் பாரு," என்று டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "உப்பையும் தாங்கும், சுண்ணாம்பையும் தாங்கும். ஆனா முதல்ல அவனைக் கொஞ்சம் பரவலாக் கிளறி விடு. இவ மொத்தமா ஒரே இடத்துல கவுத்திருக்கா. சோம்பேறி."

"சோம்பேறியா? நான் பயத்துல செத்தேன்!"

"கிளறும்போது நீங்க ரெண்டு பேரும் வரீங்களா?" என்றாள் டாம்சின். "தனியாப் பண்ண எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வருகிறோம் என்றார்கள். அவள் போய்த் தட்டில் தேநீரும் கேக்கும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, வேறு யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

செங்கல் மதில் வெயிலைக் குடித்துவிட்டு முதுகுக்குச் சூட்டைக் கொடுத்தது. கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பல நாளாக இறங்காத சாப்பாடு இப்போது பசியாக வந்தது. கேக்கை எடுத்துக் கடித்தாள். பாதுகாக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் டோரீனின் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"கிளெனிஸ்."

"ம்?"

"நெவில் இங்க இருக்கான்னா, நான் வாராவாரம் அங்க போய் யார்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

கிளெனிஸ் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு உயிரோட இருக்கும்போதே காது கேக்காது," என்றாள் டோரீன். அவள் முகம் கழுத்திலிருந்து மேலே மேலே சிவந்துகொண்டே போனது. "காதுல வாங்கினது பூரா அந்த மனுஷன்தான். இந்த வீட்டுல ஒருத்தர் வாயிலேர்ந்தாவது மன்னிப்புங்கற வார்த்தை வராதான்னு சாகற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாரே, அவர்தான்! வாராவாரம், பூவோட, அழுது அழுது கேட்டிருக்கேன்! எவ்வளவு திமிரா படுத்திருப்பாரு!"

கிளெனிஸ் வாயிலிருந்த கேக் தூள்தூளாகத் தெறித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, பெஞ்சே குலுங்கியது. ரோஜாக்களைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோரீன் கோப்பையை டக்கென்று கீழே வைத்து, தொப்பியை நேராக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதேடி. வர ஞாயித்துக்கிழமை போய் அத்தனையையும் வாபஸ் வாங்கிட்டு வரேன்."